ஓடுவதற்கான ஷூ: பாதத்தை அளப்பதிலிருந்து லேஸ் கட்டுவது வரை

முதன்முதலாக 21 கிலோமீட்டர் ஓடி முடித்த அன்று இரவு சாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு கால் கட்டைவிரல் நகங்களும் கறுத்துப் போயிருந்தன. போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. சில வாரங்களில் இரண்டு நகங்களும் கழன்று விழுந்தன. புதிதாக முழு நகம் வளர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இத்தனைக்கும் அந்த ஷூவை வாங்கும்போது, அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதமாக இருந்தது. தவறே அந்தக் கச்சிதத்தில்தான் இருந்தது. நிற்கும்போது கச்சிதமாக இருக்கும் ஷூ, ஓடும்போது சின்ன ஷூ.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் நம் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை பாதத்தில் இறங்குகிறது. பாதத்தின் வளைவு கொஞ்சம் தாழ்கிறது, பாதம் நீள்கிறது, பக்கவாட்டில் விரிகிறது. நேரம் ஆக ஆக வீங்கவும் செய்கிறது. ஓர் அடிக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 5 கிலோமீட்டருக்கு ஐயாயிரம் அடி, ஒரு காலுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. விரல் நுனி ஷூவின் முனையில் லேசாகத்தான் இடிக்கிறது என்றாலும் அத்தனை முறை இடிக்கிறது. நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுப்பது அதனால்தான்.

அதனால் என் வரிசை இதுதான். முதலில் பாதத்தின் அளவு, அடுத்து பொருத்தம், அதற்கப்புறம் அடிப்பாகத்து நுரை, அதற்குள் வைக்கும் தகடு, நிறம், கம்பெனி எல்லாம். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

முதல் படி: பாதத்தை அளந்துகொள்ளுங்கள்

பள்ளிக்கூடத்தில் போட்ட அளவையே இன்னும் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. வயது ஏற ஏறப் பாதம் மாறும். எடை கூடினாலும், பிரசவத்துக்குப் பிறகும் பாதம் நீளமாகவோ அகலமாகவோ ஆகலாம். வருடத்துக்கு ஒரு முறை அளப்பது நல்லது.

சாயங்காலத்தில் அளங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் காலையில் இருந்ததைவிடச் சற்றுப் பெருத்திருக்கும். ஓடும்போது இருக்கப்போகும் அளவுக்கு அதுதான் நெருக்கம். சுவரோடு ஒட்டித் தரையில் ஒரு தாளை வையுங்கள். ஓடும்போது போடும் சாக்ஸோடு, குதிகால் சுவரைத் தொடும்படி, முழு எடையையும் அந்தக் காலில் போட்டு நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் அளவு குறைந்துவிடும். குனியும்போது எடை பின்னால் போய்விடுவதால், இன்னொருவரை விட்டுக் குறிக்கச் சொல்வது நல்லது. பென்சிலைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் அரை சென்டிமீட்டர் வரைகூட மாறிவிடும். மிக நீளமான விரலின் நுனியைக் குறியுங்கள். அது கட்டைவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். பிறகு பாதத்தின் மிக அகலமான இடத்தில் இரு பக்கமும் குறியுங்கள். அடுத்த காலுக்கும் இதையே செய்யுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம். பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும்.

நல்ல கடைகளில் உலோகத்தால் ஆன ஓர் அளவுகருவி இருக்கும். அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் பிரானக் 1920களில் உருவாக்கியது, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அது மூன்று விஷயங்களை அளக்கும்: நீளம், அகலம், அப்புறம் குதிகாலிலிருந்து கட்டைவிரலின் அடிமூட்டு வரையிலான தூரம். மூன்றாவதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. நீளம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு விரல்கள் நீளமாகவும், மற்றவருக்கு விரல்கள் குட்டையாகவும் இருக்கலாம். பாதம் மடங்குவது அந்த அடிமூட்டில். ஷூ வேறிடத்தில் மடங்கினால், அளவு எண் சரியாகவே இருந்தாலும் காலுக்கு அது பொருந்தாது.

இரண்டாம் படி: எண்களை நம்பாதீர்கள், சென்டிமீட்டரைப் பாருங்கள்

ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே 6.67 மில்லிமீட்டர். பிரிட்டிஷ், அமெரிக்க அளவுகளில் ஒரு முழு எண் என்பது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர், அரை அளவு என்றால் 4.2 மில்லிமீட்டர். பழங்காலத்தில் பார்லி மணியை வைத்து அளந்த வழக்கத்திலிருந்து வந்த கணக்கு இது. அமெரிக்க அளவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் எண்கள் வேறு வேறு. போதாததற்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆண்களுக்கான நைக்கியின் பிரிட்டிஷ் 8 என்பது 27 சென்டிமீட்டர். அடிடாஸின் பிரிட்டிஷ் 8 என்பது 26.5. "நான் எப்பவும் எட்டு" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

ஷூவின் நாக்குக்கு உள்புறம் ஒட்டியிருக்கும் சீட்டில் சி.எம். (சென்டிமீட்டர்) அல்லது ஜே.பி. (ஜப்பானிய அளவு) என்று போட்டு ஓர் எண் இருக்கும். கம்பெனிகளை ஒப்பிட உதவுவது அதுதான். உங்கள் பாதம் 26.2 சென்டிமீட்டர் என்றால், 27 என்று எழுதியதிலிருந்து தொடங்குங்கள். அதற்கு மேல் அரை அளவு, கீழ் அரை அளவு இரண்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள். சீட்டு தொடக்கப் புள்ளி மட்டும்தான், தீர்ப்பு சொல்வது கால்.

அகலத்துக்கும் குறியீடு உண்டு. ஆண்கள் ஷூவில் டி என்பது வழக்கமான அகலம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம். பெண்கள் ஷூவில் பி வழக்கமானது, டி அகலம், 2ஏ ஒடுக்கம். முன்பாதம் பிதுங்குகிறது என்பதற்காக நீளத்தில் ஓர் அளவு கூட்டி வாங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அப்படி வாங்கினால் ஷூ மடங்கும் இடம் முன்னால் தள்ளிப் போய்விடும், குதிகாலும் வழுக்கும். அகலம் போதவில்லை என்றால் அகலத்தைத்தான் கூட்ட வேண்டும்.

மூன்றாம் படி: எதற்காக ஓடுகிறீர்கள்?

இதை நீட்ட வேண்டியதில்லை. வாரத்துக்கு மூன்று நான்கு நாள் சாலையிலோ பூங்காவிலோ ஓடுகிறவருக்கு, மிதமான நுரையுள்ள அன்றாடப் பயிற்சி ஷூ ஒன்று போதும். மண், கல், சேறு என்று ஓடுகிறவருக்கு அடியில் ரப்பர் பற்கள் உள்ள ஷூ வேண்டும். சாலைக்கு அந்தப் பற்கள் தேவையில்லை, சீக்கிரம் தேய்ந்தும் போகும்.

கார்பன் தகடு வைத்த போட்டி ஷூக்களைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 2017இல் நைக்கியின் வேப்பர்ஃப்ளை வந்ததிலிருந்து நெடுந்தூர ஓட்டமே மாறிவிட்டது உண்மைதான். லேசான, துள்ளுகிற நுரையும் விறைப்பான தகடும் சேர்ந்து ஒரே வேகத்துக்குச் செலவாகும் சக்தியைக் குறைக்கின்றன. உலகத் தடகள அமைப்பு சாலைப் போட்டிக்கான ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது, ஒரு தகடுதான் இருக்கலாம் என்று விதி போடும் அளவுக்குப் போனது விஷயம். ஆனால் இப்போதுதான் ஓட ஆரம்பித்தவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உயரமான மெத்தென்ற அடிப்பாகத்தில் கணுக்கால் ஆடும், நுரையும் சீக்கிரம் தளரும்.

இன்னொரு சொல் கடையில் காதில் விழும்: டிராப். குதிகாலுக்கு அடியில் இருக்கும் உயரத்துக்கும் முன்பாதத்துக்கு அடியில் இருக்கும் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. பூஜ்யத்திலிருந்து 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். டிராப் குறைந்தால் வேலை கெண்டைச் சதைக்கும் குதிகால் தசைநாணுக்கும் போகும், கூடினால் முழங்காலின் பக்கம் போகும். ஒன்று நல்லது, இன்னொன்று கெட்டது என்றில்லை. பழைய ஷூவில் 10 இருந்து புதிதில் 4 என்றால் மட்டும், சில வாரங்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு மெதுவாகப் பழகுங்கள்.

பாதத்தின் சாய்வு பற்றி

"உங்கள் பாதம் உள்பக்கம் சாய்கிறது, அதற்கென்று தாங்கு வைத்த ஷூதான் போட வேண்டும்" என்று கடையில் சொல்வார்கள். ஈரக் காலைத் தாளில் வைத்துத் தடம் பார்ப்பதும், ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் படம் பிடிப்பதும் இதற்காகத்தான். பாதம் உள்பக்கம் கொஞ்சம் சாய்வது நோயே அல்ல. தரையில் இறங்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள எல்லோருடைய பாதமும் அப்படித்தான் சாயும்.

அமெரிக்காவின் தரைப்படை, விமானப்படை, மரைன் படைகளில் பயிற்சிக்கு வந்த புதியவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிரிவினருக்குப் பாதத்தின் தடத்தைப் பார்த்து அதற்கேற்ற வகை ஷூ கொடுத்தார்கள். மற்றப் பிரிவினர் எல்லோருக்கும் ஒரே வகை ஷூ. காயம் பட்டவர்களின் எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் பல வருட ஆய்வுக்குப் பிறகு முன்வைத்த கருத்தும் இதற்கு ஒத்துப் போகிறது: தனக்கு எது சுகமாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டக்காரர், தன் உடல் இயல்பாக அசையும் வழிக்கு ஏற்ற ஷூவைத்தான் தேர்ந்தெடுக்கிறார். தாங்கு வைத்த ஷூ உங்களுக்குச் சுகமாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். படத்தைக் காட்டிச் சொல்கிறார்கள் என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வலி, காயம், நீரிழிவு போன்றவை இருப்பவர்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், அது வேறு விஷயம்.

நான்காம் படி: கடையில் அரை மணி நேரம்

சாயங்காலம் போங்கள். ஓடும்போது போடும் சாக்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள். இப்போது போட்டு ஓடும் பழைய ஷூவையும் எடுத்துப் போனால், எது எங்கே கடிக்கிறது என்று காட்டிப் பேசலாம்.

ஷூவைக் காலில் போடும் முன் ஒரு வேலை. உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையை, அதாவது இன்சோலை, உருவி எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். குதிகால் அதன் குழியில் சரியாக உட்காரட்டும். இப்போது முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிஞ்சுகிறதா? சுண்டுவிரல் பக்கம் பாதம் இன்சோலுக்கு வெளியே வழிகிறதா? வழிந்தால் அந்த ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். போட்டுப் பார்க்கும்போது மேல்துணி இழுத்துக் கொடுப்பதால் உறுத்தல் தெரியாது. எட்டாவது கிலோமீட்டரில் தெரியும். கடையில் நான் செய்யும் சோதனைகளில் இதைப்போல் உதவியது வேறில்லை.

அப்புறம் இன்சோலைத் திரும்ப வைத்து, கைவிட்டு உள்ளே தடவிப் பாருங்கள். தையலோ, புடைப்போ, துணியின் மடிப்போ விரலில் தட்டுப்பட்டால் அது காலிலும் தட்டுப்படும். முன்பகுதியைப் பிடித்து மடக்குங்கள். பாதம் மடங்கும் இடத்தில்தான் ஷூவும் மடங்க வேண்டும். தகடு வைத்தவையும் அடி வளைந்தவையும் அவ்வளவாக மடங்காது, அவற்றுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

லேஸை நன்றாகத் தளர்த்திவிட்டுக் காலை நுழையுங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் உட்கார வைத்த பிறகுதான் லேஸை இறுக்க வேண்டும். இரண்டு ஷூவையும் போட்டு நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டே ஒற்றைக் காலில் போட்டுப் பார்த்து எழுந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நின்றபடி, மிக நீளமான விரலுக்கும் ஷூவின் முனைக்கும் இடையே கைக்கட்டைவிரலைக் குறுக்கே வைத்து அழுத்திப் பாருங்கள். ஒரு விரல் அகலம், ஏறக்குறைய 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் வேண்டும். விரல்களை உள்ளே அசைத்துப் பாருங்கள், பியானோ வாசிக்கிற மாதிரி ஏறி இறங்க வேண்டும். முன்பாதத்தின் அகலமான இடத்தில் மேல்துணியை இரண்டு விரலால் கிள்ளுங்கள். துளிகூடக் கிள்ள வரவில்லை என்றால் இறுக்கம், கொத்தாக வந்தால் தொளதொளப்பு.

பிறகு லேஸைப் பாருங்கள். இரு பக்கத் துளை வரிசைகளும் இணையாக ஓட வேண்டும். நடுவில் அகன்று விலகி நின்றால் உங்கள் பாதத்தின் மேற்புறத்துக்கு ஷூ போதவில்லை. வரிசைகள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு நெருங்கிவிட்டால் ஷூவில் இடம் அதிகம். கடைக்காரர் சொல்லாமலே லேஸ் இதைச் சொல்லிவிடும்.

பின்பக்கம், கணுக்கால் எலும்பின்மேல் விளிம்பு உரசக் கூடாது. நடக்கும்போது குதிகால் இம்மியளவு எழும்பினால் பரவாயில்லை, வழுக்கி மேலே வரக் கூடாது.

இனி ஓடுங்கள். ஆமாம், கடையிலேயே. கூச்சப்பட வேண்டாம், நல்ல கடை என்றால் அவர்களே ஓடச் சொல்வார்கள். கடைக்குள் பத்தடி நடந்து பார்ப்பதில் எதுவும் தெரியாது. இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடுங்கள். படியோ சரிவோ இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போதுதான் பாதம் முன்னால் சறுக்கும், விரல் இடிக்கிறதா என்பது தெரியும். ஒரு காலில் ஒரு ஷூ, மறு காலில் வேறு ஷூ என்று போட்டு ஓடிப் பார்ப்பதும் நல்ல உத்தி. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

"போடப் போடச் சரியாயிடும்" என்று சொல்வார்கள். தோல் ஷூவுக்கு அது ஓரளவு பொருந்தும். ஓட்ட ஷூ பெரும்பாலும் செயற்கைத் துணியும் நுரையும். முதல் நாள் கடிக்கிறது என்றால் நூறாவது நாளும் கடிக்கும். எங்காவது ஓரிடத்தில் உறுத்தினாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இணையத்தில் வாங்குகிறீர்கள் என்றால், திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு அடுத்தடுத்த அளவுகளை வரவழைத்து, வீட்டுக்குள்ளேயே இதையெல்லாம் செய்து பாருங்கள். வெளியே தரையில் கால் வைத்துவிட்டால் திருப்பிக் கொடுப்பது சிரமம்.

ஐந்தாம் படி: லேஸ்

நல்ல ஷூவையும் மோசமான லேஸ் கட்டு கெடுத்துவிடும். எனக்கு நகம் கறுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. குட்டையான ஷூ ஒரு பக்கம், தளர்வாகக் கட்டியதால் சரிவில் பாதம் முன்னால் சறுக்கியது இன்னொரு பக்கம்.

பெரும்பாலான ஓட்ட ஷூக்களில் மேலே கடைசியாக, சற்றுப் பின்தள்ளி, ஒரு கூடுதல் துளை இருக்கும். எதற்கென்று தெரியாமல் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். குதிகால் வழுக்காமல் பிடித்து வைக்கத்தான் அது. லேஸை வழக்கம்போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, அந்தத் துளைக்கு முந்தைய துளை வரை வாருங்கள். இப்போது லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல், அதே பக்கத்தில் இருக்கும் கடைசித் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். முழுதும் இழுக்காமல் விட்டால் பக்கத்துக்கு ஒரு சின்ன வளையம் நிற்கும். வலது லேஸின் நுனியை இடது வளையத்துக்குள்ளும், இடது நுனியை வலது வளையத்துக்குள்ளும் விடுங்கள். குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்து, இரு நுனிகளையும் கீழ்நோக்கி இழுத்து இறுக்குங்கள். குதிகாலைச் சுற்றி ஒரு கை பிடித்ததுபோல் இருக்கும். அப்புறம் முடிச்சு.

பாதத்தின் மேற்புறம் மரத்துப் போகிறதா? எந்த இடத்தில் அழுத்துகிறதோ, அங்கே மட்டும் லேஸைக் குறுக்கே விடாமல் இரு பக்கமும் நேராக மேலே ஏற்றி, அடுத்த துளையிலிருந்து மறுபடி குறுக்கே போங்கள். அந்த இடத்தில் ஒரு ஜன்னல் திறந்ததுபோல் அழுத்தம் விட்டுவிடும்.

முடிச்சிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கட்டிய பின் பூ முடிச்சின் இரு காதுகளையும் பாருங்கள். அவை ஷூவுக்குக் குறுக்கே, இடம் வலமாகக் கிடந்தால் சரி. குதிகாலிலிருந்து விரல் நோக்கி நெடுக்கில் கிடந்தால் அது பலவீனமான முடிச்சு, ஓட்டத்தில் அவிழும். பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2017இல் இதையே ஆராய்ந்தார்கள். கால் தரையில் மோதும் அதிர்ச்சி முடிச்சைத் தளர்த்துகிறது, வீசியாடும் லேஸ் நுனிகள் அதை இழுத்து அவிழ்க்கின்றன. பலவீனமான முடிச்சு சீக்கிரம் அவிழ்கிறது என்று கண்டார்கள். சரிசெய்வது சுலபம். முதல் பின்னலைப் போடும்போது எந்த நுனியை மேலே போடுகிறீர்களோ, அதை மாற்றிப் போடுங்கள். மற்றதெல்லாம் பழையபடியே.

ஆறாம் படி: முதல் சில வாரங்கள்

புது ஷூவைப் போட்டுக்கொண்டு நேரே போட்டிக்குப் போகாதீர்கள். முதலில் வீட்டில், பிறகு மூன்று நான்கு கிலோமீட்டர், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். பருத்தி சாக்ஸ் வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈரத் தோல் சீக்கிரம் கொப்புளம் போடும். செயற்கை நூல் அல்லது மெல்லிய மெரினோ கம்பளி சாக்ஸ் நல்லது.

வீட்டுக்கு வந்து காலைப் பாருங்கள். நகம் கறுத்தால் ஷூ குட்டை, அல்லது லேஸ் தளர்வு. சுண்டுவிரல் ஓரத்தில் கொப்புளம் என்றால் அகலம் போதவில்லை. குதிகாலின் பின்னால் கொப்புளம் என்றால் குதிகால் வழுக்குகிறது, முதலில் அந்தக் கூடுதல் துளையைப் பயன்படுத்திப் பாருங்கள். மூன்றாவது நான்காவது விரல்களுக்கு நடுவே எரிச்சலோ மரப்போ இருந்தால் முன்பாதம் நெரிபடுகிறது. அகலமான ஷூவுக்கு மாறியும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், அங்கே நரம்பு தடித்திருக்கலாம்.

எப்போது மாற்றுவது?

பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை என்பார்கள். எடை, ஓடும் தரை, நுரையின் வகை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். அடி ரப்பர் தேயவில்லையே என்று ஏமாந்துவிடக் கூடாது. அதற்கு மேலே இருக்கும் நுரைதான் முதலில் சாகும். பக்கவாட்டில் நுரையில் கோடு கோடாகச் சுருக்கம் விழுந்திருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்காது. மேசையில் வைத்துக் கண் மட்டத்தில் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதன் காலம் முடிந்தது. புதிதாக எங்கோ வலி தொடங்கினாலும் முதலில் ஷூவைச் சந்தேகப்படுங்கள்.

வாரத்துக்கு நான்கு நாளுக்கு மேல் ஓடுகிறவர்கள் இரண்டு வெவ்வேறு மாதிரி ஷூக்களை மாற்றி மாற்றிப் போடலாம். லக்ஸம்பர்கில் பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் குறைவாக இருந்தது. ஒவ்வொரு ஷூவும் விசையைக் கொஞ்சம் வேறிடத்தில் இறக்குவது ஒரு காரணமாக இருக்கலாம்.

நனைந்தால் இன்சோலை உருவி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து நிழலில் காய வையுங்கள். வெயிலும் ஹீட்டரும் நுரையையும் பசையையும் கெடுத்துவிடும். வாஷிங் மெஷினில் போடவே வேண்டாம், பழைய பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். கழற்றும்போது ஒரு காலால் மறு கால் குதிகாலை மிதித்து உருவாதீர்கள். பின்பக்கத்து விறைப்பு உடைந்துவிடும், அப்புறம் எத்தனை இறுக்கிக் கட்டினாலும் குதிகால் நிற்காது.

புது ஷூவை முதல் நாள் போடும்போதே நாக்கின் உள்பக்கம் பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். தாளில் அளந்த பாத அளவையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அடுத்த ஷூ வாங்கப் போகும்போது மறுபடி தாளை விரித்து அளந்து, அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.